பள்ளிக்கூட பஸ் பிஸ்டன்கள்

டெல்மர் ஸ்டாம்பரின் இன்ஜின் பட்டறையில் ஒரு சட்டம் இருந்தது. அதை எங்கும் எழுதி மாட்டவில்லை, ஆனாலும் உள்ளே நுழைகிற எல்லோருக்கும் தெரியும். இன்ஜினைக் கழற்றுவது தங்கை வெர்லீன். கழுவுவது வெர்லீன். அளப்பது, பூட்டுவது, கடைசி நட்டை முறுக்கி முடிப்பது வெர்லீன். எந்தப் பிஸ்டன் போடுவது என்று சொல்வது மட்டும் அண்ணன் டெல்மர்.

பத்தொன்பது வருஷமாக இப்படித்தான் நடந்தது. வெளியே போகிற ஒவ்வொரு இன்ஜினோடும் ஒரு தாள் போகும். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அதில் விவரமாக எழுதியிருக்கும். அடியில் 'கட்டியவர்' என்று ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் டெல்மர் சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போடுவார். இன்ஜினுக்குள் ஒரு விரலைக்கூட விடாத மனிதருக்கு அவ்வளவு பெரிய கையெழுத்து எதற்கு என்று வெர்லீன் பல தடவை நினைத்ததுண்டு. நினைத்ததோடு சரி, வாய் திறந்ததில்லை.

வாய் திறந்தது எண்பத்தெட்டாம் வருஷம் ஏப்ரலில்.

அவளுக்கென்று ஒரு கார் இருந்தது. எழுபதாம் வருஷத்துச் செவெல், அவள் சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. அதில் நானூற்று ஐம்பத்துநாலு கன அங்குல பிக் பிளாக் இன்ஜின். எட்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் ஒரு காபிக் குவளை தாராளமாக இறங்கும். சிமரான் ஆற்றுக்கு வடக்கே, கோதுமை வயல்களுக்கு நடுவில், பழைய ராணுவ விமான ஓடுதளத்தில் நடக்கும் கால் மைல் பந்தயத்தில் ஞாயிறுதோறும் ஓட்டுவாள். போன செப்டம்பரில், கடைசிச் சுற்றுக்கு முந்தைய சுற்றில், அந்த இன்ஜின் நீலப் புகை கக்கி நின்றுபோனது. குளிர்காலம் முழுக்கத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததை இப்போதுதான் பிரித்திருந்தாள்.

மேஜை மேல் ஏழாம் நம்பர் பிஸ்டன் கிடந்தது. வளையம் உட்காரும் விளிம்பு ஒரு விரல் நீளத்துக்குப் பெயர்ந்திருந்தது. டெல்மர் அதைக் கையில் எடுத்து ஒரு பார்வை பார்த்தார்.

"நேரம் சரியில்ல தங்கச்சி. சில பிஸ்டன் பொறக்கும்போதே நோஞ்சானா பொறக்கும். அதே நம்பர்ல ஒரு செட் சொல்லி விடறேன், போட்டுக்கோ."

"தலையைப் பாரு டெல்மர்."

"பார்த்தேனே."

"பார்க்கல. மொளகு தூவின மாதிரி புள்ளி புள்ளியா இருக்கு பாரு. இது நோஞ்சான் இல்ல. தட்டித் தட்டி உடைஞ்சது."

அலுமினியப் பிஸ்டனின் தலையில் உப்புத்தாள் பட்டதுபோல நுண்ணிய குழிகள் இருந்தன. உள்ளே பெட்ரோல் பொறிக்குக் காத்திராமல் தானாகவே வெடித்தால், பிஸ்டன் மேலே சம்மட்டி விழுகிற மாதிரி அடி விழும். வெளியே காதுக்கு அது சில்லறைக் காசு குலுங்குகிற சத்தமாகத்தான் கேட்கும். அதைத்தான் தட்டுவது என்பார்கள். ஓட்டுகிறவர் இரைச்சலில் அதைக் கவனிக்காமல் விட்டால், ஒரு நாள் ஏழாம் நம்பர் பிஸ்டன் இப்படி வந்து மேஜையில் படுத்துக்கொள்ளும்.

"பதிமூணுக்கு ஒண்ணு அழுத்தம் வெச்சு எனக்குக் குடுத்த," என்றாள் வெர்லீன். "நம்ம ஊரு வெயிலுக்கும் நம்ம ஊரு பெட்ரோலுக்கும் அது ஆகாது. இந்தத் தடவை பிஸ்டனை நான் எடுக்கறேன்."

முன்பக்கக் கவுண்டரில் காகிதக் கோப்பையில் காபி குடித்துக்கொண்டிருந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் குடிப்பதை நிறுத்தினார்கள். அவர்களில் ஹோய்ட் என்பவர் கோதுமை விவசாயி. டெல்மரிடம் நாலு இன்ஜின் கட்டி வாங்கியவர், நாலில் மூன்று உடைந்துபோனது, இருந்தும் டெல்மரைப் போல உண்டா என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிபவர்.

டெல்மர் சிரித்தார். ஐம்பத்துநாலு வயசு, அகலமான ஆள். சிரித்தால் தொப்பை தனியாக ஒரு சிரிப்புச் சிரிக்கும்.

"கேட்டீங்களாய்யா? எங்க வெர்லீன் பிஸ்டன் எடுக்கப் போறாளாம். சரி, எடு. உன் வண்டி, உன் இஷ்டம். ஆனா ஒண்ணு. அந்தப் பிஸ்டனோட இந்த வருஷ சாம்பியன் பட்டத்தை நீ அடிச்சுட்டா, அப்புறம் இந்தக் கடையில வர்ற இன்ஜின் அத்தனைக்கும் பிஸ்டன் நீயே எடு. தாள்ல கையெழுத்தும் நீயே போடு. அடிக்கலன்னா, பிஸ்டன்ங்கற வார்த்தையே இனிமே உன் வாயில வரக்கூடாது. சம்மதமா?"

நாலு வருஷமாகச் சாம்பியன் பட்டம் டெல்மரிடம்தான் இருந்தது. அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் வெர்லீன் கையைத் துடைத்துக்கொண்டு நேரே வந்து நீட்டினாள். மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீட்டிய கையைக் குலுக்காமல் என்ன செய்வார்? குலுக்கினார்.

நாற்பத்தேழு வயசில் வெர்லீன் பத்தொன்பது வருஷ வேலையை ஒரே ஒரு கைகுலுக்கலில் பணயம் வைத்துவிட்டாள். தோற்றால் மிச்ச வருஷமெல்லாம் அடுத்தவர் தேர்ந்தெடுத்த தப்பான பிஸ்டனைத் தன் கையால் பூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தப்பு என்று தெரிந்தும் பூட்ட வேண்டும். அதுதான் அவளுக்குத் தாங்காது.

அன்று மாலை வீட்டுச் சமையல் மேஜையில் பழைய பத்திரிகைகளை விரித்து, சிலிண்டர்களுக்கு மூடியான ஹெட்டைக் குப்புறப் போட்டாள். கடையில் சிறுபிள்ளைகள் விளையாட வாங்குகிற பச்சைக் களிமண் ஒரு டப்பா வாங்கி வந்திருந்தாள். தானியக் கிடங்கில் வேலை முடித்து வந்த கணவன் லானி, தலையெல்லாம் கோதுமைத் தூசியோடு வாசலிலேயே நின்றான்.

"இன்னைக்குச் சாப்பாடு இதுதானா?"

"அடுப்புல பீன்ஸ் இருக்கு. இங்க வா, ஒண்ணு காட்டறேன்."

பிஸ்டனும் ஹெட்டும் நெருங்கி வரும்போது நடுவில் மிஞ்சுகிற இடத்தில்தான் பெட்ரோல் எரிகிறது. அந்த இடத்தில் களிமண்ணை அடைத்து, உடைந்த பிஸ்டனின் தலையை மேலே வைத்து அழுத்தினாள். டெல்மர் தேர்ந்தெடுத்த பிஸ்டன்கள் எல்லாம் ஒரே ஜாதி. தலையில் கவிழ்த்து வைத்த கிண்ணம் போல ஒரு பெரிய மேடு இருக்கும். மேடு உயர உயர அழுத்தம் கூடும், அழுத்தம் கூடக் கூடக் குதிரைச் சக்தி கூடும். டெல்மரின் படிப்பு அந்த இடத்தோடு முடிந்துபோனது.

வெர்லீன் பிஸ்டனை எடுத்துவிட்டுக் களிமண்ணைக் கத்தியால் குறுக்கே அறுத்தாள்.

"இந்தப் பக்கம் பிளக். பொறி இங்கதான் விழும். பாதிப் பெட்ரோல் அந்தப் பக்கம் நிக்குது. நடுவுல என்ன இருக்கு, பாரு."

லானி குனிந்து பார்த்தான். நடுவில் களிமண் காகிதம் மாதிரி மெலிந்திருந்தது. அவ்வளவு இடத்தையும் மேடு அடைத்துக்கொண்டிருந்தது.

"சுவரு."

"ஆமா. தீ இங்கேருந்து அங்க போறதுக்கு வழியில்ல. காத்திருந்து காத்திருந்து அங்க இருக்கறது தானா வெடிக்குது."

"யாரு கட்டுன சுவரு?"

"எங்கண்ணன்தான், வேற யாரு?"

லானி விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது, ஏனென்றால் இந்தச் சுவரை அவளே பத்தொன்பது வருஷமாக ஊரெல்லாம் கட்டிக் கொடுத்திருக்கிறாள்.

அடுத்த மூன்று நாள் பிஸ்டன் விலைப்பட்டியல்களோடு குடித்தனம் நடத்தினாள். வார்ப்புப் பிஸ்டன் மலிவு, ஆனால் அடி தாங்காது, ஒரு தடவை தட்டினால் கண்ணாடிபோல் நொறுங்கும். அதைத் தள்ளினாள். அடித்து உருவாக்கிய பிஸ்டன் உறுதி. அதில் பெரிய மேடு உள்ளவை அட்டைப்படத்தில் பளபளவென்று போஸ் கொடுத்தன. பின்பக்கத்தில், யாரும் புரட்டாத ஒரு மூலையில், சின்ன மேடு உள்ள ஒன்று இருந்தது. தோசைக்கல் நடுவில் லேசாக உப்பினாற்போல அவ்வளவுதான். கணக்குப் போட்டாள். அழுத்தம் பத்தரைக்கு ஒன்று வந்தது. குதிரைச் சக்தியில் எண்பது குறையும். பம்பில் கிடைக்கும் நல்ல பெட்ரோலிலேயே ஓடும். வெயிலில் மூச்சு வாங்காது.

"எண்பது குதிரையை விட்டுத் தர்றியே, மனசு வருதா?" என்றான் லானி.

"அந்த எண்பதும் நம்ம குதிரை இல்ல லானி. நல்லா இருக்கற நாள்ல வரும், மத்த நாள்ல படுத்துக்கும். எனக்கு எல்லா நாளும் வேலைக்கு வர்றது போதும்."

எட்டுப் பிஸ்டன்களும் வந்ததும் பட்டறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தாள். எது லேசோ அதற்குச் சமமாக மற்ற ஏழையும் உள்பக்கத்தில் துளித் துளியாகச் செதுக்கினாள். புதிய பிஸ்டனோடு களிமண்ணை மறுபடி அழுத்தி அறுத்துப் பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே கனத்தில் இருந்தது. அந்தப் பச்சைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் தனியாக நின்று சிரித்தாள். தான் நினைத்தது சரி என்று தெரிந்த சந்தோஷம் அது.

பட்டறையில் அந்தப் பிஸ்டன்களைப் பார்த்த ஹோய்ட் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார்.

"ஐயோ பாவம். யாரு செத்துப் போனது? மேடெல்லாம் எங்க போச்சு?"

"பள்ளிக்கூட பஸ்ல இப்படித்தான் போடுவாங்க," என்றார் டெல்மர். "பத்திரமா போகும், பத்திரமா வரும். புள்ளைங்க எல்லாம் ஏறியாச்சா வெர்லீன்? மணி அடிக்கட்டுமா?"

அன்றிலிருந்து அவள் கார் பள்ளிக்கூட பஸ் ஆனது. வண்டி வரிசையில் வந்து நின்றாலே யாராவது வாயால் ஹாரன் அடிப்பார்கள். ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்கிற ஆள்கூட அப்படியே சொல்ல ஆரம்பித்தான். பதில் சொல்லிக்கொண்டிருந்தால் வேலை கெடும் என்று வெர்லீன் விட்டுவிட்டாள்.

அந்தப் பந்தயத்தின் விதி, வேகமானவன் ஜெயிப்பது அல்ல. அப்படி இருந்தால் அதிகப் பணம் உள்ளவன்தான் ஜெயிப்பான். ஒவ்வொருவரும் தன் கார் கால் மைலை எத்தனை விநாடியில் கடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதை வெள்ளை ஷூ பாலிஷால் கார்க் கண்ணாடியில் எழுத வேண்டும். இரண்டிரண்டு கார்களாக ஓடும்; மெதுவான காருக்கு முதலில் பச்சை விளக்கு, வேகமான காருக்கு அந்த வித்தியாசத்துக்குப் பிறகு. இரண்டு பேரும் சொன்னதைச் சொன்னபடி ஓட்டினால் கோட்டில் ஒன்றாக வந்து சேர்வார்கள், முதலில் தொட்டவர் ஜெயிப்பார். ஆனால் ஒன்று, சொன்னதைவிட வேகமாக ஓடிவிட்டால் தோல்வி. அதனால் அங்கே கெட்டிக்காரத்தனம் என்பது சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது.

பள்ளிக்கூட பஸ் சொல்லைக் காப்பாற்றியது. மே மாதம் பதினொன்று புள்ளி நாற்பது. ஜூலையில் தார் உருகுகிற வெயிலில் நாற்பத்தைந்து. அதுவும் காலையில் நாற்பத்தைந்து என்றால் சாயங்காலமும் நாற்பத்தைந்து. பெரிய மேட்டுக்காரர்கள் சுற்றுக்குச் சுற்று இன்ஜின் மேல் பனிக்கட்டிப் பையை வைத்து விசிறிக்கொண்டிருந்தபோது, வெர்லீன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து குளிர்ந்த தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஆகஸ்ட் முடிவில் புள்ளிப் பட்டியலில் டெல்மருக்கு அடுத்து அவள் பெயர். ஹாரன் அடித்தவர்களில் பாதிப்பேர் அவளிடம் தோற்றிருந்ததால் ஹாரன் சத்தமும் பாதியாகியிருந்தது.

செப்டம்பர் முதல் வாரம், அங்கே அந்த மாதத்தில் வரும் தொழிலாளர் தினத்துக்கு முந்தைய ஞாயிறு. வருஷத்தின் கடைசிப் பந்தயம். கடைசிச் சுற்றுக்கு எஞ்சியது இரண்டே பேர், அண்ணனும் தங்கையும். இந்தச் சுற்றை ஜெயிக்கிறவருக்கே பட்டம்.

மாலை ஆறு மணி. வெயில் இன்னும் சாயவில்லை. தெற்கிலிருந்து காற்று காய்ந்த புல் வாசனையைக் கொண்டுவந்தது. வெர்லீன் தன் கண்ணாடியில் 11.42 என்று எழுதினாள். அன்றைக்கு ஓடிய நாலு ஓட்டமும் நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று, நாற்பத்திரண்டு. டெல்மரின் சிவப்பு நோவா காரின் கண்ணாடியில் 10.65 என்று இருந்தது. லானி அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

"புளுகறான். மத்தியானம் ஒரு ஓட்டம் ஐம்பத்தெட்டு, இன்னொண்ணு அறுபத்தாறு. ஐம்பத்தெட்டு ஓடக்கூடிய வண்டிக்கு அறுபத்தஞ்சு எழுதியிருக்கான். கடைசில உன்னைப் பிடிச்சுட்டு, பக்கத்துல வந்ததும் ஆக்ஸிலரேட்டர்லேருந்து காலை எடுத்து, மூக்கு நீளத்துல ஜெயிக்கப் பார்க்கறான்."

"தெரியும்."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற? வேகமா ஓட்டவும் முடியாது உனக்கு."

"மெதுவா ஓட்டலாமே," என்றாள் வெர்லீன். லானி விழித்தான். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

டெல்மர் பக்கத்துத் தடத்தில் வந்து நின்று, ஜன்னல் வழியாகக் கத்தினார். "தங்கச்சி! கையெழுத்துப் பழகிட்டியா?"

"பழகிட்டேன். உனக்கு இன்ஜின் கழுவப் பழகணுமா, சொல்லித் தர்றேன்!"

விளக்குகள் மஞ்சளாக இறங்கின. அவள் பச்சையில் கிளம்பினாள். செவெலின் முன்பக்கம் ஒரு கை உயரம் எழுந்து, சக்கரம் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் நோவா இன்னும் நின்றுகொண்டிருந்தது. முக்கால் விநாடி கழித்து அதன் கர்ஜனை பின்னால் கேட்டது. முதல் கியர், இரண்டாவது கியர். ஸ்டியரிங்கில் நடுக்கம் இல்லை, இன்ஜினில் தட்டல் இல்லை. எட்டும் ஒரே குரலில் பாடின. நாற்பத்திரண்டு என்று வயிறே சொன்னது. தன் வண்டி என்ன செய்யும் என்ற கவலை இல்லாதவளுக்குத்தான் அடுத்தவர் என்ன செய்கிறார் என்று திரும்பிப் பார்க்க நேரம் இருக்கும். வெர்லீன் திரும்பிப் பார்த்தாள்.

சிவப்பு நோவா பெருகிப் பெருகி வந்தது. பின்கதவு, பின்சக்கரம், பிறகு தோளுக்கு நேரே. மணிக்கு நூற்றிருபது மைல் வேகத்தில் இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடுகிறாற்போல் ஓடின. கோட்டுக்கு இன்னும் இருநூறு அடி. இப்போது டெல்மர் காலை எடுக்கப் போகிறார். ஹெல்மெட்டுக்குள் அவர் தலை அவளைப் பார்த்துத் திரும்புவது தெரிந்தது.

அந்த நொடியில் வெர்லீன் முந்திக்கொண்டு காலை எடுத்தாள். எடுத்து, பிரேக்கையும் தொட்டாள்.

செவெலின் மூக்கு குனிந்தது. நோவா அவளைவிட்டு விலகிப் பறந்தது. கூட்டத்திலிருந்து 'ஐயோ' என்று ஒரு பெருமூச்சு எழுந்தது அவளுக்கே கேட்டது. நோவா ஒரு காரின் நீளத்துக்கும் அதிகமான இடைவெளியில் கோட்டைத் தாண்டியது. ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து, விரல் மடக்கி, வானத்தைக் குத்தியது.

கோட்டுக்கு அப்பால் கம்பத்தில் இரண்டு தடத்துக்கும் தனித்தனியே ஒரு வெற்றி விளக்கு உண்டு. எரிந்தது வெர்லீனின் தடத்து விளக்கு.

ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்கிற ஆளின் குரல் கீச்சிட்டது. "சொன்னது பத்து அறுபத்தஞ்சு! ஓடினது பத்து ஐம்பத்தொன்பது! டெல்மர் ஸ்டாம்பர் சொன்னதை மீறிட்டாரு! வெர்லீன், சொன்னது பதினொண்ணு நாற்பத்திரண்டு, ஓடினது நாற்பத்தேழு! ஐயா, அம்மா, பள்ளிக்கூட பஸ் ஜெயிச்சுது! பள்ளிக்கூட பஸ்ஸுதான் சாம்பியன்!"

வெர்லீன் ஹெல்மெட்டுக்குள் கத்தினாள். வார்த்தை இல்லை, வெறும் கத்தல். பத்தொன்பது வருஷத்துக் கத்தல் அது, ஒரே மூச்சில் வரவில்லை, மூன்று தவணையில் வந்தது.

திரும்பி வரும் பாதையின் ஓரத்தில் ஓடிய நேரத்தை எழுதிச் சீட்டுக் கொடுக்கும் சின்னக் கூண்டு. டெல்மர் நோவாவை நிறுத்திவிட்டு, கையில் நேரச் சீட்டோடு நின்றுகொண்டிருந்தார். அதற்குள் லானி ஓடி வந்துவிட்டான். ஹோய்ட் உட்பட ஒரு இருபது முப்பது பேர் வேலியைத் தாண்டி வந்திருந்தார்கள். வெர்லீன் இறங்கியதும் லானி அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

"பிரேக் அடிச்ச," என்றார் டெல்மர்.

"ஆமா."

"ஜெயிக்கறதுக்கு முன்னாடி யாராவது பிரேக் அடிப்பாங்களா?"

"நீ ஏன் காலை எடுக்கல? எடுக்கறதாத்தானே இருந்த?"

டெல்மர் சீட்டைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார், அங்கே வேறு நல்ல நேரம் எழுதியிருக்கும் என்பதுபோல. பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். அந்த ஒரு விஷயத்தில் ஆள் கோழை இல்லை.

"உன் மூக்கு குனிஞ்சுது. இன்ஜின் உடைஞ்சுதுன்னு நெனச்சுட்டேன். சப்பைப் பிஸ்டன் கடைசில கையை விரிச்சுடுச்சுன்னு சந்தோஷப்பட்டுட்டேன். அந்த ஜோருல மிதிச்ச காலை எடுக்கவே மறந்துட்டேன்."

"நீ அப்படித்தான் நெனைப்பேன்னு எனக்குத் தெரியும்."

கூட்டத்தில் யாரோ சிரிக்க, அது பரவி, டெல்மரின் தொப்பைவரை வந்தது. அவர் சிரிக்கவில்லை, தொப்பை மட்டும் குலுங்கியது. அதற்கப்புறம் அவரும் சிரித்துவிட்டார்.

ஹோய்ட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பழக்க தோஷம், டெல்மரின் தோளைத்தான் தட்டினார்.

"டெல்மர், என் பிக்கப் இன்ஜினை இந்தக் குளிர்காலம் பிரிக்கணும்யா. எந்தப் பிஸ்டன் போடலாம்?"

டெல்மர் வாயைத் திறந்தார். பத்தொன்பது வருஷமாக அந்தக் கேள்விக்குத் திறந்த வாய். திறந்தபடியே கொஞ்சம் நின்றது, பிறகு மூடிக்கொண்டது. தொப்பியைக் கழற்றி, தங்கை நின்ற பக்கம் அதைக் காட்டினார்.

"என்னைக் கேக்காத. அவளைக் கேளு."

ஹோய்ட் வெர்லீன் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. வாயால் ஹாரன் அடித்தது இப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

வெர்லீன் அவரைத் தவிக்கவிடவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "பிக்கப்ல என்ன இழுக்கறீங்க?"

"மாட்டு டிரெய்லர். சில சமயம் கோதுமை."

"பெட்ரோல் எங்க போடறீங்க?"

"கூட்டுறவு பம்புல. எது மலிவோ அது."

"இத்தனை வருஷமா உங்களை யாராவது இதைக் கேட்டிருக்காங்களா?"

ஹோய்ட் யோசித்துப் பார்த்தார். "இல்லம்மா."

"வண்டியை விதைப்பு முடிஞ்சதும் கொண்டு வாங்க. முதல்ல உங்க ஹெட்டைப் பார்க்கணும், அப்புறம்தான் பிஸ்டன்."

ஆட்கள் அவள் கையைக் குலுக்க வரிசை கட்டினார்கள். டெல்மர் அங்கேயே நின்றார். எல்லோரும் நகரும்வரை காத்திருந்து, கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"வெர்லீன்."

"சொல்லு."

"என்னோடது ஜூலையிலேருந்தே தட்டுது."

அவள் அண்ணனை ஏறிட்டுப் பார்த்தாள். ரெண்டு மாசம் அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல், ஒவ்வொரு ஞாயிறும் அந்த மனிதர் ஓட்டியிருக்கிறார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு அவளிடம் பாவத்தைவிடச் சந்தோஷம் அதிகம் இருந்தது.

"ஏழாம் நம்பரா?"

"ரெண்டாம் நம்பர்னு நெனைக்கறேன். நாளைக்கே பிரிச்சுடலாமா? நீ என்ன பிஸ்டன் சொல்றியோ அதைப் போடறேன்."

வெர்லீன் ஹெல்மெட்டை லானியிடம் கொடுத்துவிட்டு, ஹோய்ட் போன திசையைக் காட்டினாள்.

"ஹோய்ட் முதல்ல கேட்டாரு டெல்மர். நீ வரிசையில நில்லு."